குச்சி ஐஸும் என் தொப்பையும்

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. சென்னையில் ஒரு அழகு சிகிச்சை மையத்தில் என் அடிவயிற்றுச் சதையை ஒரு மெஷின் கவ்விப் பிடித்திருக்க, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் மல்லாந்து கிடந்தேன். முதல் பத்து நிமிஷம் சுள்ளென்று இருந்தது, அப்புறம் மரத்துப் போச்சு. முடிந்ததும் அந்தக் கப்பைக் கழற்றினார்கள். உள்ளேயிருந்த சதை வெண்ணெய்க் கட்டி மாதிரி விறைத்து, கப்பின் வடிவத்திலேயே நின்றது. அங்கிருந்த பெண் அதை இரண்டு நிமிஷம் அழுத்திப் பிசைந்துவிட்டார். உண்மையில் வலித்தது அதுதான்.

"கத்தி இல்ல, ஊசி இல்ல சார். கொழுப்பு தானா உறைஞ்சு செத்துப் போயிடும். மூணு மாசத்துல தெரியும்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. தோலுக்கு ஒண்ணும் ஆகாமல், அதற்கு அடியிலிருக்கிற கொழுப்பு மட்டும் எப்படிச் சாகும்? இதை முதலில் யாருக்குத் தோன்றியிருக்கும்? இதைக் காசு கட்டுவதற்கு முன்னாடியே கேட்டிருக்கணும், சரிதான். பதில் தேடிப் போனபோது நான் போய் நின்ற இடம் குழந்தைகளின் கன்னம்.

குளிர் பட்டால் குழந்தைகளின் தோலுக்கு அடியில் கொழுப்பு கெட்டுப்போய்க் கட்டிகள் வருகின்றன என்பதை ஐரோப்பிய மருத்துவர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஹாக்ஸ்டாவுசன் 1941-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். பிறகு 1970-இல், நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில், எப்ஸ்டீன், ஓரன் என்ற இரண்டு பேர் ஒரு சின்னக் குறிப்பு வெளியிட்டார்கள். குச்சி ஐஸ் சப்பிய ஒரு கைக்குழந்தைக்குக் கன்னத்தில் சிவந்து, கெட்டியாக வீங்கியிருந்தது. கிருமி எதுவும் இல்லை. ஐஸ் பட்ட இடத்தில் கொழுப்புதான் அழன்றிருந்தது. அந்த நோய்க்கு அவர்கள் வைத்த பெயரும் குச்சி ஐஸை வைத்துத்தான். மருத்துவத்தில் இவ்வளவு செல்லமான நோய்ப் பெயர் வேறு இருக்கான்னு தெரியலை. இதயத் துடிப்பு தாறுமாறாக ஏறும் பச்சைக் குழந்தைகளுக்கு முகத்தில் ஐஸ் பை வைத்துத் துடிப்பை இறக்குவது ஒரு முறை. அப்படி வைத்த பிறகும் இதே கட்டிகள் வந்ததுண்டு.

ஏன் குழந்தைகளுக்கு அதிகம்? இதைப் புரிந்துகொள்ள மார்கழி மாசம் குளியலறை அலமாரியைப் பார்த்தால் போதும். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடக்கும், பக்கத்திலேயே நல்லெண்ணெய் தண்ணியாட்டம் இருக்கும். தேங்காய் எண்ணெயில் செறிவூட்டிய கொழுப்பு அதிகம், அதனால் சீக்கிரம் உறைகிறது. பச்சைக் குழந்தையின் உடம்புக் கொழுப்பிலும் அந்த வகை அதிகம். வளர வளர அது மாறுகிறது. ஆனால் பெரியவர்களிலும் கொழுப்பு செல்லுக்குள் இருப்பது எண்ணெய்ச் சமாச்சாரம்தான். தோலில் இருப்பதோ பெரும்பாலும் தண்ணீர். தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் போகும் முன்பே கொழுப்பு கெட்டியாகத் தொடங்கிவிடும். இந்தச் சிகிச்சை முழுக்க அந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் நிற்கிறது.

பெரியவர்களுக்கும் இது வரும் என்று காட்டியவை அமெரிக்கக் குதிரைகள். 1980-இல் பீச்சமும் அவருடன் இருந்த மருத்துவர்களும் எழுதிய கட்டுரை ஒன்று. குளிர்காலத்தில் மணிக்கணக்காகக் குதிரை ஏறும் இளம்பெண்களுக்குத் தொடையின் வெளிப்பக்கம் சிவந்த கட்டிகள் வந்தன. இறுக்கமான, குளிரைத் தடுக்காத கால்சட்டைதான் காரணம் என்றார்கள். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறையும். சூடான ரத்தம் வராத இடத்தில் குளிர் நன்றாக இறங்கும். இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று அந்தக் கப் ஞாபகம் வந்தது. அது சதையை உறிஞ்சி இழுத்துப் பிடிப்பது ஒரு மடிப்பைப் பிடித்துக்கொள்வதற்கு மட்டும் இல்லை, அந்த இடத்து ரத்த ஓட்டத்தைக் குறைப்பதற்கும்தான். குதிரைக்காரியின் கால்சட்டை செய்த வேலையை என் வயிற்றில் மெஷின் செய்திருக்கு!

ஆக, இந்தக் கதையில் இதுவரை வந்ததெல்லாம் நோய். அதைக் கருவியாகத் திருப்பியவர்கள் பாஸ்டனில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இருந்த டீட்டர் மான்ஸ்டைனும் ராக்ஸ் ஆண்டர்சனும். ஆண்டர்சன் சாதாரண ஆள் இல்லை. சரியான நிற ஒளியைச் சரியான நேர அளவுக்குக் கொடுத்தால், சுற்றியிருப்பதை விட்டுவிட்டு இலக்கை மட்டும் சுட்டுவிடலாம் என்று 1983-இலேயே பாரிஷுடன் சேர்ந்து எழுதியவர். இன்று தோலுக்குச் செய்யும் லேசர் வேலைகளில் பாதி அந்த யோசனையில் இருந்து வந்தது. ஒளியில் செய்ததைக் குளிரில் செய்ய முடியுமா என்பது அடுத்த கேள்வி. பன்றிகளின் தோலில் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். கொழுப்பு செல்கள் உடனே உடைவதில்லை. சில நாட்களில் அழற்சி தொடங்கி, இரண்டு வாரம், ஒரு மாசம் என்று அது ஏறி, உடம்பின் துப்புரவு செல்கள் செத்த செல்களை மெதுவாகத் தின்று தீர்க்கின்றன. அந்தப் பெண் சொன்ன "மூணு மாசம்" இந்தக் கணக்குதான்.

அதற்குள் ஜெல்டிக் என்ற கம்பெனி இதைக் கையில் எடுத்திருந்தது. 2010-இல் இடுப்புப் பக்கச் சதைக்கும், 2012-இல் வயிற்றுக்கும் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. 2017-இல் அலர்கான் அந்தக் கம்பெனியைக் கிட்டத்தட்ட 247 கோடி டாலருக்கு வாங்கியது. இத்தனைக்கும் இது உடல் எடையைக் குறைக்கும் சிகிச்சையே இல்லை. கவ்விய மடிப்பில் கொழுப்பின் தடிமன் ஐந்தில் ஒரு பங்கு, கூடிப்போனால் கால் பங்கு குறையும். அவ்வளவுதான்.

அப்புறம் எதற்கு இவ்வளவு விலை? "கத்தி இல்ல" என்ற இரண்டு வார்த்தைக்குத்தான் என்று எனக்குப் படுகிறது. அந்தப் பயம் நியாயமான பயம். 1920-களில் பாரிஸில் துஜாரியே என்ற அறுவை மருத்துவர் ஒரு நடனப் பெண்ணின் காலில் கொழுப்பைச் சுரண்டி எடுத்தார். ரத்தக்குழாய் சேதமாகி, கால் அழுகி, கடைசியில் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு இந்தப் பக்கம் பெரும்பாலும் யாரும் தலை வைக்கவில்லை. 1970-களில் ரோமில் ஃபிஷர் அப்பா-மகனும், பாரிஸில் இலூஸும் குழாய் விட்டு உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் அது திரும்பி வந்தது. அதிலும் உயிர்ச்சேதம் இல்லாமல் இல்லை.

இந்த இடத்தோடு படிப்பதை நிறுத்தியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அடுத்து கிடைத்தது 2014-இல் வந்த ஒரு மருத்துவக் குறிப்பு. குளிர் வைத்த இடத்தில் கொழுப்பு குறைவதற்குப் பதிலாக வளர்ந்திருக்கிறது. வலி கிடையாது. கெட்டியாக, கப் வைத்த வடிவத்திலேயே, வெண்ணெய்க் கட்டி மாதிரி மேலெழும்பி நிற்கும். சில மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும். தானாகக் கரையாது. எடுக்கணும்னா அதே குழாய், அதே கத்திதான். எழுதியவர்களில் ஒருவர் ராக்ஸ் ஆண்டர்சன். கண்டுபிடித்தவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பதில் எனக்கு மரியாதைதான். ஆனால் அதில் விவரித்த நோயாளி நாற்பதுகளில் இருக்கும் ஆண். இடம் வயிறு. ஒரே ஒரு முறை செய்துகொண்டவர்.

எனக்கு வயசு 44.

20,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் அந்தக் கணக்கு அப்போது இருந்தது. பின்னால் தனித்தனி மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளை எண்ணிப் பார்த்தபோது சில நூறு பேருக்கு ஒருவர் என்றுகூட வந்திருக்கிறது. பெண்களைவிட ஆண்களுக்கு விகிதம் கூடுதல் என்றும் எழுதியிருக்கிறார்கள். காரணம் இன்னும் பிடிபடவில்லை. உலகம் இதைக் கவனித்தது 2021 செப்டம்பரில்தான். கனடாவின் பழைய சூப்பர் மாடல் லிண்டா எவாஞ்சலிஸ்டா, தன் உடம்பு இந்தச் சிகிச்சையால் உருக்குலைந்துபோய், வெளியே வராமல் ஒடுங்கிக் கிடந்ததாகச் சொன்னார். 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார், 2022-இல் சமரசமாக முடிந்தது. திருத்த முயன்ற அறுவை சிகிச்சைகளும் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

பீரோவில் இருந்து என் ஒப்புதல் படிவத்தின் நகலைத் தேடி எடுத்தேன். இரண்டாம் பக்கம், பொடி எழுத்தில், சிவப்பு, வீக்கம், மரத்துப்போதல் எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி: அரிதாகக் கொழுப்பு கூடவும் வாய்ப்புண்டு. பக்கத்தில் என் கையெழுத்து. அங்கே யாரும் என்னிடம் பொய் சொல்லவில்லை. நான்தான் படிக்காமல் போட்டிருக்கேன்.

பிப்ரவரியில் இருந்து தினம் காலையில் பல் தேய்ப்பதற்கு முன் அடிவயிற்றை அழுத்திப் பார்ப்பது வழக்கமாச்சு. "என்ன, குழந்தை உதைக்குதா?" என்று கேட்டாள் என் மனைவி. விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே தையல் டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தாள்.

இது ஜூன். ஐந்து மாசம் தாண்டியாச்சு. டேப்பின்படி 2 செ.மீ. குறைவு. அவள் அளந்தால் ஒன்றரை. கட்டி எதுவும் இல்லை.

இரண்டாவது சிட்டிங்குக்கான பணம் அங்கேதான் இருக்கு. போன வாரம் கூப்பிட்டார்கள். உங்க மெஷின் எந்தக் கம்பெனி, அந்த ஆய்வுகளில் வருகிற அதே மெஷினா என்று கேட்டேன். "இம்போர்ட்டட் சார்" என்றார் அந்தப் பெண். பெயரைக் கேட்டுச் சொல்லுங்க என்றேன். இன்னும் திரும்பக் கூப்பிடவில்லை.