யானைமலையும் செவ்வாயின் முகமும்

மலைநாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு மலைகள் அண்டை வீட்டார் போன்றவை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்கு வந்து வண்டன்மேட்டில் தங்கிவிட்ட நம் முன்னோர்க்கு, இங்கே அறிந்த மனித முகங்கள் அந்நாளில் மிகச் சிலவே. கல்லும் குன்றும் மேகமுமே நாள்தோறும் கண்ணெதிரே நின்றன. அவற்றில் அவர்கள் முகம் கண்டார்கள். உறவினரைப் போலப் பெயர் சொல்லியும் அழைத்தார்கள். நாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு காலம் கழிக்கும் எழுத்தர், புலவர் அல்லர். ஆயினும், நம் மகள் கேட்ட ஒரு வினா இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

ஓண விடுமுறையில் குடும்பத்தோடு இடுக்கி அணையைக் காணச் சென்றிருந்தோம். 1976ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி அம்மையாரால் தொடங்கி வைக்கப்பெற்ற மின்திட்டத்தின் அணை அது. ஏறத்தாழ 169 மீட்டர் உயரமுள்ள அந்த வில்வளைவுச் சுவரின் இரு கைகளையும் தாங்கி நிற்பவை குறவன் மலையும் குறத்தி மலையும். சாபத்தால் கல்லாகிப்போன கணவனும் மனைவியும் அவர்கள் என்பது இங்குள்ள வாய்மொழிக் கதை. பெரியாறு அவ்விரு பாறைகளுக்கிடையே பாயும் இடத்தை வேட்டைக்கு வந்த தோட்டக் கண்காணிப்பாளர் டபிள்யூ. ஜே. ஜானுக்குக் காட்டியவர் கொலும்பன் என்னும் ஊராளிப் பழங்குடித் தலைவர். இவற்றையெல்லாம் நாம் சுவையாகச் சொல்லி முடித்ததும், "அப்பா, முகம் எங்கே இருக்கிறது? எனக்கு வெறும் பாறைதானே தெரிகிறது?" என்றாள் மகள். நாமும் உற்று நோக்கினோம். உண்மையைச் சொன்னால், நமக்கும் பாறைதான் தெரிந்தது.

வீடு திரும்பும்வரை அவ்வினா நம்மை விடவில்லை. குறிஞ்சி நிலத்து மக்கள் குறவர் என்பதும், வள்ளி குறவர் மகளாய் வளர்ந்தவள் என்பதும், கண்ணகி விண்ணேறக் கண்டு சொன்னவர்கள் மலைக்குறவரே என்பதும் தமிழர் அறிந்தவை. இத்தகைய நெடிய நினைவை உடைய மக்கள், எதிரெதிரே நிற்கும் இரு பெரும் பாறைகளைக் கண்டால் குறவனும் குறத்தியும் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வர்? இங்கே கதை முந்தியது. உருவம் பிந்தியது என்பதே நம் எண்ணம். பாறையில் முகம் தேடிக் களைத்தவர்களுக்கென்றே செய்ததுபோல, வண்டன்மேட்டிற்கு அணித்தாயுள்ள ராமக்கல்மேட்டில் 2005ஆம் ஆண்டு குறவன் குறத்தியின் பெருஞ்சிலை எழுந்தது. அங்கே எவரும் முகத்தைத் தேட வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறானது மதுரைக்கு வடகிழக்கே ஒத்தக்கடையை ஒட்டிக் கிடக்கும் யானைமலை. அதனைப் பார்ப்பவர்க்குக் கதை தேவையில்லை. படுத்திருக்கும் யானையாகவே அது கண்ணில் படும். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம், மதுரையை அழிக்கச் சமணர் வேள்வியில் எழுப்பிய யானையைச் சோமசுந்தரக் கடவுள் வேடராக வந்து நரசிங்கக் கணையால் வீழ்த்தினார் என்றும், அதுவே மலையாயிற்று என்றும் கூறும். நாகமலைக்கும் பசுமலைக்கும் அந்நூலில் இதுபோன்ற வரலாறுகள் உண்டு.

ஆனால் மலையின் மேலேயே இதனினும் பழைய சான்று ஒன்று உள்ளது. துறவியர் தங்கிய இயற்கைக் குகைத்தளத்தில், கிறித்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டை ஒட்டியது என அறிஞர் கருதும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இம்மலையை 'இவகுன்றம்' என்கிறது. இபம் என்னும் வடசொல் யானையைக் குறிக்கும். இவகுன்றம் எனின் யானைக்குன்றம். புராணம் பாடப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, மதுரை மக்கள் அங்கே யானையைக் கண்டுவிட்டனர். பின்னர் அச்சணந்தி முதலிய சமணர் அங்கே தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கச் செய்தனர். கி.பி. 770இல் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி அங்கே நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரைக் கோயில் எடுத்தார். சமணர் யானையை ஏவினர் என்று கதை சொல்லும் மலையிலேயே சமணரின் கைவண்ணம் அழியாமல் இருப்பதை எண்ணி நாம் பலமுறை வியந்ததுண்டு. சமயங்கள் மாறின, அரசுகள் மாறின, எழுத்தும் மாறியது. யானை மட்டும் மாறவில்லை. 2,695 மீட்டர் உயர்ந்து நிற்கும் நம் இடுக்கி மாவட்டத்து ஆனைமுடியும் இவ்வினத்தைச் சேர்ந்த பெயரே.

மக்கள் கண்ணுக்கு ஏன் இப்படித் தோன்றுகிறது? பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தையும் முகம்போல் அமைந்த வடிவத்தை மற்றவற்றினும் விரும்பி நோக்குகிறது என 1970களிலிருந்து ஆய்வாளர் எழுதி வருகின்றனர். முகத்தை அறிவதற்கென மூளையில் தனிப்பகுதி இருப்பதை 1997ஆம் ஆண்டின் ஆய்வு எடுத்துக்காட்டியது. இதன் பயனை நம் தந்தையார் ஆய்வின்றியே அறிந்திருந்தார். தோட்டத்திலிருந்து மாலை மங்கலில் திரும்பும்போது, பாறையை யானை என்று அஞ்சி ஓடியவன் சிரிப்புக்கு ஆளாவான். யானையைப் பாறை என்று நம்பி அருகே சென்றவன் வீடு வந்து சேரமாட்டான் என்பார் அவர். தலைமுறை தலைமுறையாக ஓடியவர்களின் வழிவந்தவர்களே நாம்.

நிலவிலும் இதே கண்தான். வடை சுடும் பாட்டியை நமக்குக் காட்டியவர்கள் நம் பாட்டிமார். முயலைக் கண்ட வடமொழியாளர் நிலவைச் சசி, சசாங்கன் என்றனர். ஐரோப்பியர் விறகு சுமக்கும் மனிதனைக் கண்டனர். கரிய பகுதிகள் யாவும் பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் பரவி உறைந்த எரிமலைக் குழம்பே. 1959ஆம் ஆண்டு அக்டோபரில் சோவியத்தின் லூனா 3 நிலவின் மறுபுறத்தை முதன்முறை படம் எடுத்தபோது, அங்கே இத்தகைய கரும்பரப்புகள் மிகக் குறைவாகவே இருந்தன. பாட்டி நம்மைப் பார்த்த பக்கத்தில் மட்டுமே அடுப்பு மூட்டியிருக்கிறாள்!

இடுக்கியில் மின்திட்டம் தொடங்கிய அதே 1976ஆம் ஆண்டு, ஜூலை 25ஆம் நாள், அமெரிக்காவின் வைக்கிங் 1 விண்கலம் செவ்வாயின் சைடோனியா பகுதியைப் படம் எடுத்தது. அதில் வானத்தை நோக்கிக் கிடக்கும் மனித முகம் ஒன்று! சாய்ந்த வெயிலின் நிழல் கண்ணும் வாயுமாயிற்று. படம் அனுப்பியதில் விடுபட்ட புள்ளி ஒன்று மூக்குத் துளையாயிற்று. நிழலின் வேலையே என அறிவியலார் அப்போதே சொல்லியும், செவ்வாயில் வாழ்ந்தோர் எழுப்பிய சின்னம் என்று நூல்கள் பல எழுதப்பட்டன. 1998 ஏப்ரலிலும் 2001 ஏப்ரலிலும் மார்ஸ் குளோபல் சர்வேயர் கூர்மையான படங்களை அனுப்பியது. முகம் மறைந்து, தேய்ந்த மேட்டுப்பாறை எஞ்சியது. நம் மகளின் கண்ணும் குறவன் மலையில் அந்த இரண்டாம் கலத்தின் வேலையைத்தான் செய்தது. அதில் குற்றம் காண நாம் யார்?

ஆயினும் செவ்வாயின் மேட்டுக்கும் மதுரையின் மலைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. 2010ஆம் ஆண்டு யானைமலையைச் சிற்பநகரம் ஆக்கும் எண்ணம் எழுந்தபோது, சுற்றுவட்டார ஊரார் திரண்டு எதிர்த்தனர், அம்முயற்சி கைவிடப்பட்டது. மதுரை வட்டாரத்தில் கருங்கல்லாக அறுபட்டுப்போன குன்றுகள் எத்தனையோ. யானைமலை இன்றும் முழுமையாக இருக்கிறது.

சென்ற கோடை விடுமுறையில் மதுரையிலிருந்து மேலூர் செல்லும் பேருந்தில் மகளைச் சன்னலோரம் அமரச் செய்தோம். எதுவும் சொல்லவில்லை. ஒத்தக்கடை நெருங்குகையில் அவளே நம் கையைப் பற்றி, "அப்பா, யானை படுத்திருக்கிறது" என்றாள். துதிக்கை எது என்பதில் மட்டும் மேலூர் வந்து சேரும்வரை எங்களுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை.