கருவியும் அதன் விளைபொருளும்: பைசன் பகுப்பியாக்கியின் உரிம வரலாறு

ஒரு கருவியைக் கொண்டு ஆக்கப்பட்ட பொருளில் அக்கருவியைச் செய்தவருக்கும் பங்கு உண்டா என்னும் வினா கைத்தொழில்களில் எழுவதில்லை. தறி செய்த தச்சர் சேலையில் உரிமை கேட்பதில்லை. யாப்பருங்கலக்காரிகையைக் கற்று ஒருவர் வெண்பா இயற்றினால் அவ்வெண்பா அமிதசாகரருக்கு உரியதாகாது. கணிப்பொறித் துறையிலோ இவ்வினா எழுந்தது. அதுவும் வணிக நிறுவனங்களுக்கிடையே நிகழ்ந்த வழக்காக அன்றி, கட்டற்ற மென்பொருளை வளர்க்க முனைந்தோர் தாமே வகுத்த உரிமத்தின் எதிர்பாராத விளைவாக எழுந்தது. பல்கலைக்கழகச் சூழலில் தோன்றிய பைசன் என்னும் பகுப்பியாக்கியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இயற்கை மொழிகளைப் போன்றே நிரல்மொழிகளுக்கும் தொடரியல் விதிகள் உண்டு. எழுதப்பட்ட நிரல் அவ்விதிகளுக்கு இயைந்ததா என ஆராய்ந்து, அதனை உறுப்புகளாகப் பிரித்துக் காட்டும் பகுதி பகுப்பி எனப்படும். தொடரை இடமிருந்து வலமாக ஒருமுறை படித்துச் செல்லும்போதே அதன் அமைப்பைக் கண்டறியும் முறையை 1965இல் டொனால்டு நூத் வகுத்தார். அம்முறை கோரிய அட்டவணைகள் அக்காலக் கணிப்பொறிகளின் நினைவகத்துக்கு மிகப் பெரியனவாக இருந்தன. 1969இல் மாசாசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் பிராங்க் டிரெமர் அவற்றைச் சுருக்கும் வழியைக் காட்டினார். எனினும் சுருங்கிய அட்டவணையைக்கூடக் கையால் கணித்தல் எளிதன்று. விதி ஒன்றை மாற்றினாலும் முழுவதையும் மீண்டும் கணிக்க நேரும். இலக்கண விதிகளை மட்டும் எழுதித் தந்தால் அட்டவணையையும் பகுப்பியையும் தானே ஆக்கித் தரும் கருவி இதனால் தேவைப்பட்டது. பெல் ஆய்வுக்கூடத்தின் ஸ்டீபன் ஜான்சன் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய யாக் அத்தகைய கருவியாகும். அதனை விளக்கும் அவரது அறிக்கை 1975இல் வெளிவந்தது.

யாக், யூனிக்ஸ் இயக்க முறைமையின் ஓர் உறுப்பாகவே பல்கலைக்கழகங்களைச் சென்றடைந்தது. பெல் ஆய்வுக்கூடத்தின் தாய் நிறுவனமான ஏடி அண்ட் டி, 1956இல் அமெரிக்க அரசுடன் ஏற்பட்ட இசைவுத் தீர்ப்பினால் தொலைத்தொடர்பு அல்லாத வணிகங்களில் இறங்க இயலாதிருந்தது. ஆகவே யூனிக்சின் மூலநிரல் கல்வி நிறுவனங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் கிடைத்தது. ஆயினும் அது பொதுச்சொத்து அன்று. வணிக மறைபொருளாகவே கருதப்பட்டது. 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம் மூலநிரலை வகுப்பில் பாடமாக நடத்துவதையும் தடுத்தது. ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம் மாணவர்க்கெனத் தனியே மினிக்சு என்னும் முறைமையை எழுதி 1987இல் வெளியிட்டதற்கு இத்தடையே காரணம். 1984இல் ஏடி அண்ட் டி நிறுவனம் பிரிக்கப்பட்ட பின்னர் யூனிக்சு முழு வணிகப் பொருளாயிற்று. மாணவர் ஒருவர் தொகுப்பி எழுதப் பழக வேண்டுமாயின் அதற்குரிய கருவியும் அவ்வுரிமத்தின் வேலிக்குள்ளேயே இருந்தது.

பைசனின் பெரும்பகுதியை எழுதியவர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஆய்வு செய்த ராபர்ட் கார்பெட் ஆவார். 1983இல் குனு திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன், யாக்குக்கென எழுதப்பட்ட இலக்கணங்கள் மாற்றமின்றி இதிலும் இயங்குமாறு அதனைத் திருத்தினார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் வில்பிரட் ஹான்சன் மேலும் சில கூறுகளைச் சேர்த்தார். இவ்வாறு பல்கலைக்கழகங்களில் பிறந்த நிரல், குனு திட்டத்தின் பிற நிரல்களைப் போலவே அதன் பொது உரிமத்தைப் பெற்றது. இவ்வுரிமம் பயன்படுத்தவும் படியெடுக்கவும் திருத்தவும் இசைவு தருகிறது. திருத்தி வெளியிடுவோர் அதே உரிமையைப் பிறர்க்கும் அளிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது.

சிக்கல் எழுந்த இடம் நுட்பமானது. பைசன் ஆக்கித் தரும் கோப்பில் மூன்று அடுக்குகள் உள்ளன. முதலாவது, பயன்படுத்துபவர் தம் கைப்பட எழுதிய செயற்பகுதிகள். ஒவ்வோர் இலக்கண விதியும் பொருந்தும்போது என்ன நிகழ வேண்டும் என்பதை இவை கூறும். இவை அவருக்கே உரியன என்பதில் ஐயமில்லை. இரண்டாவது, அவர் தந்த இலக்கணத்திலிருந்து கணித்துப் பெறப்பட்ட எண் அட்டவணைகள். இவற்றைக் கருவியே கணித்தாலும் இவற்றின் உள்ளடக்கம் முழுதும் இலக்கணத்திலிருந்தே வருகிறது. மூன்றாவது, அவ்வட்டவணைகளைப் படித்துப் பகுப்பை நிகழ்த்தும் இயக்கப்பகுதி. இது எலும்புக்கூடு என வழங்கப்படும். எந்த இலக்கணத்தைத் தந்தாலும் இப்பகுதி பெரிதும் மாறுவதில்லை. ஏனெனில் பைசனோடு வரும் கோப்பு ஒன்றிலிருந்து எழுத்துக்கு எழுத்து எடுத்து எழுதப்படுவதே இது. அதாவது பைசனை ஆக்கியோர் எழுதிய உரைநடையின் ஒரு பகுதி, பயன்படுத்துபவரின் ஒவ்வொரு படைப்பிலும் படியாகி நிற்கிறது. காரிகை உவமை இங்குப் பொருந்தாமற் போவதும் இதனால்தான். வெண்பாவின் ஒவ்வோர் அடிக்கும் இடையே காரிகையின் நூற்பாவையும் சேர்த்து எழுத வேண்டியிருந்தால் நிலைமை வேறாகும் அன்றோ?

எலும்புக்கூட்டுக்கும் பொது உரிமமே பொருந்தியதால், பைசனைக் கொண்டு ஆக்கப்பட்ட பகுப்பியைக் கட்டற்ற மென்பொருள்களில் மட்டுமே பயன்படுத்த முடிந்தது. தம் மூலநிரலை வெளியிட விரும்பாத நிறுவனம் அதனைத் தொட இயலவில்லை. குனு திட்டத்தின் சி தொகுப்பிக்கு இத்தகைய கட்டுப்பாடு ஒருபோதும் இருந்ததில்லை. அதனைக் கொண்டு எவரும் எத்தகைய மென்பொருளையும் உருவாக்கலாம். பைசன் மட்டும் வேறுபட்டது ஒரு கொள்கை முடிவால் அன்று. வழக்கமான உரிமத்தை அதன் கோப்புகள் அனைத்துக்கும் வேறுபாடின்றிப் பொருத்தியதன் விளைவே அது என்று பைசனின் கையேடு பிற்காலத்தில் ஒப்புக்கொண்டது. நிரலின் வெளியீடு, அதன் உள்ளடக்கம் அந்நிரலை அடிப்படையாகக் கொண்ட படைப்பாக அமையும்போது மட்டுமே உரிமத்துக்கு உட்படும் என 1991 ஜூனில் வெளியான பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு தெளிவுபடுத்தியது. ஆனால் பைசனைப் பொறுத்தவரை இத்தெளிவு சிக்கலைத் தீர்க்கவில்லை, உறுதிப்படுத்தியது.

பிற கருவிகள் வேறு வழிகளில் சென்றன. சொல்லுறுப்புகளைப் பிரித்தறியும் பிளெக்சு என்னும் கருவி, தன் எலும்புக்கூட்டில் பதிப்புரிமைக் குறிப்பே இல்லை என்றும், அதன் வெளியீட்டை எவரும் விரும்பியவாறு பயன்படுத்தலாம் என்றும் தன் உரிமத்திலேயே கூறிவிட்டது. ஆட்டோகான்பு என்னும் குனு கருவியின் முதற்பதிப்பு ஆக்கிய அமைவு நிரல்கள் பொது உரிமத்துக்கு உட்பட்டிருந்தன; இரண்டாம் பதிப்பில் அக்கட்டு நீக்கப்பட்டது. எல்லாவற்றினும் சுவையானது, பைசனை எழுதிய அதே கார்பெட் பின்னர்ப் பெர்க்லி யாக் என்னும் மற்றொரு பகுப்பியாக்கியை எழுதி அதனைப் பொதுச்சொத்தாகவே விட்டமையாகும். அதனால் ஆக்கப்படும் நிரல்களைத் தடையின்றி வழங்கலாம் என்று அதன் அறிமுகக் குறிப்பு வெளிப்படையாகக் கூறியது. ஒரே கையிலிருந்து பிறந்த இரு கருவிகளுள் ஒன்றன் விளைபொருள் கட்டுண்டும் மற்றொன்றன் விளைபொருள் கட்டின்றியும் இருந்தன. உரிமக் கட்டுக்கு அஞ்சியோர்க்கு மாற்றுக் கருவி அருகிலேயே கிடைத்ததால், பைசனின் கட்டுப்பாடு எவரையும் மூலநிரலை வெளியிடத் தூண்டியிராது என்று கருத இடமுண்டு.

1995இல் வெளிவந்த 1.24ஆம் பதிப்பில் இந்நிலை மாறியது. எலும்புக்கூட்டுக்குத் தனி விலக்கு ஒன்று சேர்க்கப்பட்டது. அதன்படி பைசன் ஆக்கிய கோப்பை எத்தகைய உரிமமுடைய மென்பொருளிலும் பயன்படுத்தலாம். இம்மாற்றத்துக்குக் கையேடு கூறும் காரணம் கருதத்தக்கது. மூலநிரலை மறைப்போர்பால் கொண்ட பரிவினால் இது செய்யப்படவில்லை; பைசனைக் கட்டற்ற மென்பொருளுக்கு மட்டும் என ஒதுக்கியதனால் பிற மென்பொருள்கள் கட்டற்றனவாக மாறப் பெரும்பயன் விளையவில்லை என்பதே அது. கொள்கையைக் கைவிடாமலே, கட்டு பயனற்றதென்று கண்டு அதனைத் தளர்த்திய செயல் இது. அக்காலத்து உரிம விவாதங்களில் இத்தகைய நேர்மையான கணக்கீடு அரிதாகவே காணப்படுகிறது. ஆயினும் விலக்கு முழுமையானதன்று. சி மொழியில், வழக்கமான வகைப் பகுப்பிகளை ஆக்கும்போது மட்டுமே அது செல்லுபடியாயிற்று. ஏனைய வகைகளுக்கும் அது விரிக்கப்பட்டது 2006இல் வந்த 2.2ஆம் பதிப்பில்தான். அதிலும் ஒரு வரம்பு வைக்கப்பட்டது: எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டு மற்றொரு பகுப்பியாக்கியைச் செய்வோர்க்கு விலக்கு இல்லை. விளைபொருளை விட்டுக்கொடுத்தோர் கருவியை விட்டுக்கொடுக்கவில்லை.

சட்டம் இவ்வினாவை எவ்வாறு நோக்கியது என்பதும் காணத்தக்கது. அமெரிக்காவில் 1978இல் அறிக்கை அளித்த தேசியக் குழு, கணிப்பொறியை எழுதுபவரின் கையிலுள்ள மற்றொரு கருவியாகவே கருதியது. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டம், கணிப்பொறி ஆக்கிய படைப்புக்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்தவரே அதன் ஆக்கியோர் என்றது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் இலக்கியப் படைப்பு என்னும் வரையறைக்குள் கணிப்பொறி நிரல்கள் 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டன. 1994ஆம் ஆண்டுத் திருத்தம், கணிப்பொறியால் ஆக்கப்பட்ட படைப்பு உருவாகக் காரணமானவரே அதன் ஆக்கியோர் என வகுத்தது. இத்திருத்தம் நடைமுறைக்கு வந்ததும் 1995இல்தான். பைசனின் அட்டவணைகளை இவ்விதியால் அளந்தால் அவை இலக்கணத்தைத் தந்தவருக்கே உரியன என்று கூறலாம். எலும்புக்கூட்டுக்கோ இவ்விதி விடை தரவில்லை. அது கணிப்பொறி ஆக்கியது அன்று. மனிதர் எழுதியதைக் கணிப்பொறி படியெடுத்தது. ஆதலின் அங்குத் தீர்வு உரிமம் எழுதியவரின் இசைவிலேயே அமைந்தது.

இதே சிக்கல் எழுத்துருக்களிலும் தோன்றியது. ஓர் ஆவணம் மின்வடிவில் வெளியிடப்படும்போது அதில் பயன்பட்ட எழுத்துருவின் வரைவுகளும் அக்கோப்பினுள் பதிக்கப்படுகின்றன. எழுத்துரு பொது உரிமத்தில் இருப்பின் ஆவணமும் அவ்வுரிமத்துக்கு உட்படுமோ என்னும் ஐயம் எழுந்தது. அதனைப் போக்க 2005இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தனி விலக்கு ஒன்றை வரைந்தது. எழுத்துருக்களுக்கெனவே எஸ்ஐஎல் நிறுவனம் வகுத்த திறந்த எழுத்துரு உரிமம், அவற்றைக் கொண்டு ஆக்கப்படும் ஆவணங்களை உரிமம் கட்டுப்படுத்தாது என நேராகவே கூறியது. 2004இல் பொது உரிமத்தின்கீழ் வெளிவந்த லோகித் எழுத்துருக் குடும்பம் 2011இல் இவ்வுரிமத்துக்கு மாற்றப்பட்டது. தமிழ் எழுத்துருவும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே.