மூன்று பவுன் ரசீது

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு வெளிநாடு என்பது படிவமாகத்தான் வந்து சேர்கிறது. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர், சிங்கப்பூரை விட்டு ஒரேயடியாகத் திரும்பிவிட்டவர், அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் - எல்லோரிடமும் நான் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். இந்த வருஷம் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தீர்கள்? பெரும்பாலும் 182 என்ற எண்ணுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை வைத்து ஒருவருடைய வரி தீர்மானமாகிறது. வறண்ட கேள்விதான். அந்த வறட்சிக்குள் ஒரு மரியாதை இருக்கிறது என்பது நேட்டாலின் மூன்று பவுன் வரியைப் பற்றிப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் படிவம் நாட்களை எண்ணுகிறது. நேட்டால் கேட்ட கேள்வி வேறு: நீ ஏன் இன்னும் ஊருக்குப் போகவில்லை?

1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பனை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள். ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங். வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடி ஐந்தாம் வருஷம் 14. ஒப்பந்தம் முடிந்தும் பலர் திரும்பவில்லை. துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டார்கள், தலைச்சுமையாக விற்றார்கள், சிலர் கடை வைத்தார்கள். வெள்ளையர்களுக்கு இவர்களுடைய உழைப்பு வேண்டியிருந்தது, இவர்கள் வேண்டியிருக்கவில்லை. இந்த முரண்பாட்டைத் தீர்க்கும் கருவியாகத்தான் வரி வந்தது. முதலில் 25 பவுன் என்று பேச்சு. வைஸ்ராய் எல்ஜின் மூன்று பவுனுக்குச் சம்மதித்தார். நேட்டாலின் 1895ஆம் வருஷத்து 17ஆம் சட்டம் பிறந்தது.

சட்டம் அமலுக்கு வந்தபின் ஒப்பந்தமானவர்களுக்கே இது பொருந்தும். ஒப்பந்தம் முடிந்ததும் ஒருவனுக்கு மூன்று வழிகள்: ஊர் திரும்பலாம்; மீண்டும் கூலியாக ஒப்பந்தமாகலாம்; இரண்டும் இல்லையென்றால் வருஷத்துக்கு மூன்று பவுன் கட்டி, தங்கியிருப்பதற்கான லைசென்ஸ் வாங்க வேண்டும். அவர்களுடைய ஐந்து வருஷம் முடிந்து வரி தலையில் விழுந்தது 1901இல். அடுத்தடுத்த குடிசையில் இருப்பவன், முன்னால் வந்தவன் என்பதால் கட்ட வேண்டியதில்லை. ஊரும் தொழிலும் ஒன்று. கப்பல் ஏறிய வருஷம் மட்டும் வேறு.

குமாஸ்தா புத்தி கணக்குப் போடாமல் இருக்காது. மூன்று பவுன் 60 ஷில்லிங். முதல் வருஷக் கூலியில் சரியாக ஆறு மாதம். மனைவிக்கும் தனியாக வரி. 1903இல் இயற்றிய சட்டத்தால் 16 வயது நிரம்பிய பையனுக்கும் 13 வயது நிரம்பிய பெண்ணுக்கும் அது நீண்டது. அப்படி நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு 12 பவுன், அதாவது 240 ஷில்லிங். மாதம் 14 ஷில்லிங் சம்பாதிப்பவனுடைய வருஷ வருமானம் 168. வரவை விடப் பற்று பெரிதாக இருக்கும்படி திட்டமிட்டு எழுதப்பட்ட கணக்கு இது. எவரும் கட்டாதபோதுதான் இந்த வரி முழு வெற்றி அடையும். கட்ட முடியாதவன் கப்பல் ஏறுவான், அல்லது தோட்டத்துக்கே திரும்புவான். கஜானாவுக்குக் காசு வந்தது இரண்டாம்பட்சம்.

1906இல் தொடங்கிய சத்யாகிரகத்தின் கோரிக்கைகளில் முதலில் இந்த வரி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1912இல் கோகலே வந்து மந்திரிகளைச் சந்தித்து, வரி ரத்தாகிவிடும் என்ற நம்பிக்கையோடு போனார். அரசாங்கம் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை என்றது. அதன் பிறகே வரி போராட்டத்தின் மையத்துக்கு வந்தது. 1913 அக்டோபரில் ட்ரான்ஸ்வாலிலிருந்து சில பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், நேட்டாலின் நியூகாஸிலுக்குப் போய்ச் சுரங்கக் கூலிகளிடம் பேசினார்கள். சுரங்கம் நின்றது. நவம்பர் 6 அன்று ட்ரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தவர்கள் 2037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் என்பது காந்தி தரும் கணக்கு. பின்னர் வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது.

சிறையில் நோயுற்று, வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையை நாம் அறிவோம். ஜோஹானஸ்பர்க்கில் வளர்ந்தவர். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று ஆக்கிய 1913 தீர்ப்பு அவர் போன்ற பெண்களை நேரடியாகச் சுட்டது உண்மை. ஆனால் நேட்டாலின் மூன்று பவுன் அவர் தலைமேல் இல்லை. பிறர் கடனுக்காகவும் அவர் சிறை போனார். நாம் அவரைத் தியாகியாக்கி வணங்குகிறோம். அந்தக் கடன் என்ன என்று விசாரிப்பதில்லை.

என் புகார் இலக்கியத்தின் மீதும்தான். பாரதி பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பாடினார். புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். அதன் பின் வந்தவர்கள் அங்கிருந்த கண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கடல் கடந்தவன் நம் எழுத்தில் அழுகிறான், ஏங்குகிறான், கங்காணியிடம் அடிபடுகிறான். அவன் ஒரு காரியாலயத்தின் முன் வரிசையில் நின்று, போன வருஷத்து லைசென்ஸை மடி அவிழ்த்துக் காட்டும் காட்சியை நான் படித்ததில்லை. கொடுமைக்காரனுக்கு முகம் கொடுக்க நமக்குத் தெரியும். முகமில்லாமல், நல்ல கையெழுத்தில், தேதி போட்டு நடக்கும் கொடுமைக்கு நம்மிடம் நடை இல்லை. அந்த ரசீதையும் யாரோ ஒரு குமாஸ்தாதான் எழுதியிருப்பான், வட்டிக் கணக்கைப் பிழையில்லாமல் எழுதும் என்னைப் போல. அவனை எழுதாதது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். தமிழில் எழுதுகிறவர்களில் கணிசமானவர்கள் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள்.

1914இல் இந்தியர் நிவாரணச் சட்டம் வரியை ஒழித்து, நிலுவைகளையும் தள்ளுபடி செய்தது. வெற்றி என்று இங்கே புத்தகத்தை மூடிவிடலாம். அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது: அங்கே வசிக்கும் உரிமையைக் கைவிடுவதாக எழுதிக் கொடுக்கும் இந்தியருக்கு, ஊர் திரும்ப இலவசக் கப்பல் டிக்கெட். கேள்வி அப்படியேதான் இருந்தது. கேட்பதற்கு இப்போது காசு வாங்கவில்லை, அவ்வளவுதான்.