தூர்க்காமல் விட்ட கால்வாய்

சென்ற வாரம் லங்காஷயர் நூற்பாலைகளைப் பார்த்தோம். அங்கே ஓடிய விசைத்தறியை மனத்துக்குள்ளேயே வரைந்து எடுத்துக்கொண்டு கப்பலேறிய பாஸ்டன் வணிகர் ஒருவரிடம் இந்த வாரக் கதை தொடங்குகிறது. பிரான்சிஸ் கேபட் லோவெல் 1810-ல் பிரிட்டன் போனார். இயந்திரங்களையும் அவற்றின் வரைபடங்களையும் வெளியே கொண்டுபோக அன்று அங்கே சட்டம் இடம் தரவில்லை. பார்த்ததை நினைவில் சுமந்து 1812-ல் ஊர் திரும்பியவர், பால் மூடி என்ற கைதேர்ந்த மெக்கானிக்கின் துணையோடு வால்தம் என்ற ஊரில் அந்தத் தறியை ஓடவைத்தார். 1817-ல், 42 வயதில் இறந்துவிட்டார். தன் பெயர் தாங்கிய நகரத்தை அவர் பார்க்கவே இல்லை.

வால்தமில் ஓடும் சார்லஸ் ஆற்றின் விசை போதவில்லை. கூட்டாளிகள் வேறு ஆறு தேடிப் போனார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மெரிமாக் ஆறு பாட்டக்கெட் அருவியில் 32 அடி இறங்குகிறது. அருவியைச் சுற்றிக்கொண்டு மரமும் படகும் போவதற்காக 1796-லேயே அங்கு ஒரு கால்வாய் வெட்டியிருந்தார்கள். சில ஆண்டுகளில் பாஸ்டனுக்கு நேராக வேறொரு கால்வாய் வந்துவிட, இது வருமானம் இழந்து கிடந்தது. அந்தக் கால்வாயோடு அதை நிர்வகித்த கம்பெனியையும் பாஸ்டன்காரர்கள் வாங்கிவிட்டார்கள். 1822-ல் ஹியூ கம்மிஸ்கி என்ற ஐரிஷ்காரர் 30 கூலியாட்களோடு சார்ல்ஸ்டவுனிலிருந்து நடந்தே வந்து, அதை அகலப்படுத்தும் வேலையில் இறங்கினார். அடுத்த ஆண்டு முதல் துணி வெளிவந்தது. 1826-ல் லோவெல் தனி ஊரானது.

அந்தக் கால்வாய்களின் அமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆற்று நீரைப் பெரும்பாலும் ஒரேயடியாக 30 அடி இறக்கவில்லை. மேல் மட்டத்துக் கால்வாயிலிருந்து 13 அடி இறங்கி ஒரு வரிசை ஆலைகளைச் சுழற்றிய நீர், கீழ் மட்டத்துக் கால்வாயில் சேர்ந்து, இன்னொரு 17 அடி இறங்கி அடுத்த வரிசை ஆலைகளையும் ஓட்டிவிட்டுத்தான் ஆற்றுக்குத் திரும்பியது. ஆலைகள் நிலத்தோடு தண்ணீரையும் அளவு வைத்து விலைக்கு வாங்கின. யாருக்கு எவ்வளவு போகிறது என்பதை அளப்பதே தனிக் கலையாக வளர்ந்தது. அதில் தேர்ந்தவர்தான் பொறியாளர் ஜேம்ஸ் பி. பிரான்சிஸ். இன்று உலகெங்கும் நீர்மின் நிலையங்களில் சுழலும் பிரான்சிஸ் டர்பைன் இவர் பெயரைக் கொண்டது.

பழைய வெள்ளக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்த பிரான்சிஸ், ஒரு நாள் ஆறு கால்வாய்க்குள் புகுந்து நகரையே வாரிக்கொண்டு போகும் என்று கண்டார். 1850-ல் கால்வாயின் தலைமதகில் கனத்த கட்டைகளை அடுக்கிப் பிணைத்து, பிரம்மாண்டமான மரக் கதவு ஒன்றைத் தொங்கவிட்டார். ‘பிரான்சிஸின் கிறுக்குத்தனம்’ என்று ஊர் எள்ளியது. இரண்டே ஆண்டுகளில், 1852 ஏப்ரலில் மெரிமாக் பெருகி வந்தது. கதவைத் தாங்கியிருந்த இரும்பை ஆட்கள் உளிவைத்து வெட்ட, அது கீழே இறங்கித் தண்ணீரை மறித்தது. ஊர் பிழைத்தது. 84 ஆண்டுகள் கழித்து, 1936 பெருவெள்ளத்திலும் அதே கதவுதான் காப்பாற்றியது.

இந்தப் பெருமையோடு மற்றதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். தறிகளில் நின்றவர்களில் பெரும்பாலோர் நியூ இங்கிலாந்து பண்ணை வீடுகளிலிருந்து வந்த இளம்பெண்கள். மணியடித்தால் எழுந்து, ஒரு நாளில் 12, 13 மணி நேரம் உழைத்தார்கள். கூலியைக் குறைத்தபோது 1834-லும், விடுதிக் கட்டணத்தை உயர்த்தியபோது 1836-லும் தறியை விட்டுத் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் நெய்த பருத்தியோ தென் மாநிலங்களில் அடிமைகள் பறித்தது. அங்கு நெய்த முரட்டுத் துணியில் ஒரு பகுதி அதே அடிமைகளின் உடம்புக்குத் திரும்பிப் போனது. ஆற்றின் வேகத்தை மட்டும் பாடிவிட்டுப் போகும் வரலாறு எனக்கு ஒப்பாது.

1920-களில் ஆலைகள் பருத்தி விளையும் தெற்கு நோக்கி நகர்ந்தன. பெரிய ஆலைகளில் கடைசியானவை 1950-களில் சாத்தப்பட்டன. ஊரின் முதல் ஆலையான மெரிமாக் கம்பெனியின் கட்டடங்களை இடித்துத் தள்ளினார்கள். கால்வாய்கள் குப்பை மிதக்கும் ஓடைகளாயின. அவற்றைத் தூர்த்துச் சாலை போடலாம் என்ற பேச்சு 1960-களில் மும்முரமாக எழுந்தது.

எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் பேட்ரிக் மோகன் என்ற கல்வியாளர். ஊரே ஒரு பள்ளிக்கூடம், அதன் ஆலைகளும் கால்வாய்களும்தான் பாடம் என்று அவர் சலிக்காமல் பேசினார். அதே ஊர்க்காரரான பால் சாங்கஸ் நாடாளுமன்றத்துக்குப் போய் அந்த யோசனைக்குச் சட்ட வடிவம் கொடுத்தார். 1978 ஜூன் 5 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட, லோவெல் தேசிய வரலாற்றுப் பூங்கா உருவானது. கால்வாய்ச் சுவர்களும் மதகு வீடுகளும் பழுது பார்க்கப்பட்டன. கரையோரம் நடைபாதை வந்தது. பூட் ஆலையில் 1992-ல் திறந்த அருங்காட்சியகத்தில் 88 தறிகளை நிறுத்தியிருக்கிறார்கள். தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் குரல்கூடக் கேட்காது.

ஆனால், அரசு வருமுன்னே கால்வாயைக் காத்தது வேறொன்று என்பது என் துணிபு. 1792-ல் தொடங்கிய அந்தக் கால்வாய்க் கம்பெனி, ஆலைகள் போன பின்னும் மதகுகளைத் திறந்து மூடும் வேலையை விடவில்லை. தண்ணீருக்கு வேலை இருந்தது, மதகுக்கு ஆள் இருந்தது. 1986-ல் புதிய நீர்மின் நிலையமும் சேர்ந்துகொண்டது.

அந்த மின்சாரம்தான் ஆற்றின் குறுக்கே நிற்கும் அணையை வழக்குக்குக் கொண்டுவந்தது. கருங்கல் அணையின் முகட்டில் இரும்பு ஊசிகளை நட்டு, அவற்றில் பலகைகளைச் சாத்தி நீர்மட்டத்தை ஐந்தடி உயர்த்தி வந்தார்கள். நம் ஏரிக் கலங்கலில் கல்தூண்களுக்கிடையே பலகை போட்டு நீர் கூட்டுவார்களே, அதே உத்திதான். வெள்ளம் வந்தால் ஊசி வளையும், பலகை போய்விடும். நீர் வற்றியதும் ஆட்கள் இறங்கிக் கையால் திரும்ப நடுவார்கள். இதற்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பைகளின் மேல் ஏறி இறங்கும் ஷட்டர்களைப் பொருத்த மின் நிறுவனம் அனுமதி கேட்டது. பழமை அழியும் என்று பூங்கா நிர்வாகம் எதிர்த்தது. அணைக்கு மேலே குடியிருந்தவர்கள் 2006 வெள்ளத்தை மறக்கவில்லை. தண்ணீர் இன்னும் ஏறிவிடுமோ என்று அஞ்சினார்கள். மத்திய எரிசக்தி ஆணையம் 2013-ல் அனுமதி கொடுத்தது. நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. பலகைகள் போய் ஷட்டர்கள் வந்துவிட்டன.

பலகைகள் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும், அணை வேலை செய்துகொண்டே மாறியிருக்கிறது. வேலையற்றுக் கிடந்து இடிந்த எத்தனையோ அணைகளுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. கப்பல் போக்குவரத்து நின்றுபோய், ஆலைகளும் அடைபட்டு, ஒரு பகுதி மண் கொட்டி மூடப்பட்ட மான்ட்ரியலின் லஷீன் கால்வாயை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)