விலங்குகளோடு வேலை பழகணுமா? ஆரோவில், மரக்காணம் பக்கம் பள்ளி மாணவர்களுக்கு என்ன வழி இருக்கு?

"நான் கால்நடை டாக்டர் ஆகணும்" என்று பத்தாம் வகுப்பிலேயே முடிவு செய்துவிடும் பிள்ளைகள் நிறைய. ஆனா ஒரு பசுவுக்குச் சினை பார்ப்பதை, மடிவீக்கம் வந்த மாட்டின் காம்பில் மருந்து ஏற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அதில் எத்தனை பேர்? படிப்போ ஐந்தரை வருடம். சேர்ந்த பிறகு "இது எனக்கு ஒத்து வராது" என்று தெரிந்தால் நஷ்டம் பெரிது. அதுக்கு முன்னாடியே இந்த வேலை எப்படி இருக்கும் என்று பழகிப் பார்க்க முடியுமா? ஆரோவில்லில் இருந்து மரக்காணம் உப்பளம் வரையிலான பகுதியை வைத்துப் பார்க்கலாம்.

அனுபவம் இருந்தால் சீட் கிடைக்குமா?

கிடைக்காது. இதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. பிரிட்டனில் பல கால்நடை மருத்துவக் கல்லூரிகள், விண்ணப்பிக்கும் மாணவர் பண்ணையிலோ கிளினிக்கிலோ சில வாரம் வேலை பார்த்திருக்கிறாரா என்று கேட்கின்றன. தமிழ்நாட்டில் அப்படி இல்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்கு கட்-ஆஃப் போடுவார்கள். அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்கு மட்டும் நீட் மதிப்பெண். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கால்நடைப் படிப்பிலும் உண்டு.

அதனால, "இந்த சர்டிபிகேட் இருந்தால் வெட்னரி சீட்டுக்கு உதவும்" என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம். பழகிப் பார்ப்பது உங்களுக்காகத்தான், கவுன்சிலிங்குக்காக இல்லை.

ஆரோவில்லில் சேர்த்துக்கொள்வார்களா?

பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது ஆரோவில்தான். 1968-ல் தொடங்கிய இந்த நகரத்தில் விலங்குகள் சார்ந்த இடங்களுக்குக் குறைவில்லை. தெருநாய்களுக்கான காப்பகம் இருக்கிறது. குதிரையேற்றப் பயிற்சி தரும் ரெட் எர்த் பள்ளி இருக்கிறது. 2003-ல் தொடங்கப்பட்ட சாதனா ஃபாரஸ்டில் மீட்கப்பட்ட மாடுகளுக்கான கோசாலை இருக்கிறது. உலகம் முழுவதும் இருந்து தன்னார்வலர்கள் வந்து தங்கி வேலை செய்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், தன்னார்வலர் என்றால் பொதுவாக 18 வயது நிரம்பியவர்களைத்தான் எதிர்பார்க்கிறார்கள். பதினைந்து, பதினாறு வயதுக்காரர்கள் அம்மாவோ அப்பாவோ கூட வர, முன்கூட்டியே பேசிவிட்டுப் போனால் சுற்றிப் பார்க்கவும் சின்னச் சின்ன உதவிகள் செய்யவும் வாய்ப்பு இருக்கலாம். "தங்கி வேலை பழகுவது" என்பதை காலேஜ் முதல் வருடத்துக்குத் தள்ளிவைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஆடு இருக்கா? அதுவும் அனுபவம்தான்

இந்த ஏரியாவில் ஒரு விசித்திரம் உண்டு. வெளிநாட்டில் இருந்து வருபவர் ஒரு மாதம் சாணி அள்ளினால் அதற்குப் பெயர் 'வாலன்டியரிங்'. பக்கத்து ஊரில் ஸ்கூல் விட்டு வந்ததும் நாலு ஆட்டை மேய்த்துக் கட்டும் பொண்ணுக்கு, தான் செய்வது அனுபவம் என்று யாரும் சொன்னதே இல்லை. பிறந்த கன்றுக்கு எவ்வளவு சீக்கிரம் சீம்பால் கொடுக்கணும், மழைக்காலத்தில் இளம்புல்லை அதிகம் மேய்ந்தால் வயிறு ஏன் உப்பும், ஆட்டுக்கொல்லி நோய் வந்தால் முதலில் என்ன தெரியும் என்பதெல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். கல்லூரியில் இதைத்தான் பாடமாக நடத்துவார்கள்.

உங்கள் வீட்டில் மாடு, ஆடு இல்லையா? தெருவில் யாராவது பால் கறக்கும் அக்காவோ, சித்தப்பாவோ இருப்பார்கள். லீவில் பதினைந்து நாள் காலை, மாலை கறவை நேரத்துக்குப் போய் நில்லுங்கள். கொட்டகை கூட்டுவது, தண்ணி காட்டுவது, தீவனம் கலப்பது என்று கூடமாட வேலை செய்யலாம். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்த மாடு எத்தனை லிட்டர் கறந்தது, எது தீவனம் எடுக்கவில்லை, டாக்டர் வந்து என்ன ஊசி போட்டார். இரண்டு வாரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும், விடியற்காலை நாலரை மணிக்கு எழுவது பிடிக்கிறதா இல்லையா என்று.

அரசு கால்நடை மருந்தகத்தில் என்ன பார்க்கலாம்?

உள்ளபடி சொன்னால், இந்தப் பட்டியலில் ரொம்பப் பயனுள்ள இடம் இதுதான். ஆனால் யாரும் கேட்பதில்லை. மரக்காணம், வானூர் வட்டாரங்களில் அரசு கால்நடை மருந்தகங்கள் உள்ளன. காலை நேரத்தில் போனால் சினை ஊசி, சினை பரிசோதனை, குடற்புழு நீக்கம், கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி, காயத்துக்குத் தையல் என்று வேலை ஓடிக்கொண்டே இருக்கும். கோமாரி தடுப்பூசி முகாம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கே வரும். கூட்டத்தைச் சமாளிக்க, பதிவேட்டில் பெயர் எழுத ஒரு கை கூடுதலாக இருந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

எப்படிக் கேட்பது? தலைமை ஆசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, "டாக்டர், நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். லீவுல பத்து நாள் காலையில வந்து பக்கத்துல நின்னு பார்க்கலாமா? ஊசி, மருந்து எதையும் தொட மாட்டேன்" என்று கேட்டால் போதும். கடைசி வாக்கியம் முக்கியம். அவர்கள் பயப்படுவதே அதுக்குத்தான்.

புதுச்சேரி பக்கம் இருப்பவர்களுக்குக் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள மருத்துவமனைக்கு ஒருநாள் யாராவது தங்கள் நாயைக் கொண்டுபோகும்போது கூடப் போய்ப் பாருங்கள். கடைசி வருட மாணவர்கள் எப்படி வேலை கற்றுக்கொள்கிறார்கள் என்பது புரியும்.

கடி பட்டால்?

இங்கே விளையாட்டே கூடாது. நாய், பூனையோடு தொடர்ந்து வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன்பே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ள முடியும். முதல் நாள், 7-ம் நாள், அதன்பின் 21 அல்லது 28-ம் நாள் என மூன்று தவணை. கடித்தாலோ, நகம் பட்டு லேசாகக் கீறினாலோ கூட சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்பே தடுப்பூசி போட்டவர்களும் போகணும். மஞ்சள், சுண்ணாம்பு வைத்துக் கட்டக் கூடாது. திட்டுவார்களோ என்று வீட்டில் மறைப்பதுதான் உயிருக்கே ஆபத்தாக முடிகிறது. ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறும் கையால் தொட வேண்டாம். புருசெல்லா கிருமி அதன் வழியாக மனிதருக்கும் வரும்.

வேலைக்குச் சம்பளம் தருகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் வயதைச் சொல்லுங்கள். 14 வயதுக்குக் கீழ் வேலைக்கு வைப்பதும், 14 முதல் 18 வரை உள்ளவர்களை அபாயகரமான வேலையில் விடுவதும் சட்டப்படி குற்றம்.

மாடு, நாய் வேண்டாம், காட்டுயிர்தான் பிடிக்கும் என்பவர்களுக்கு

மரக்காணத்துப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரியான கழுவேலி இங்கேதான் இருக்கிறது. 5,151 ஹெக்டேருக்கும் மேல் பரப்புள்ள இது 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகளை உப்பள வரப்பில் நின்றே பார்க்கலாம். பூநாரை, கூழைக்கடா, நெடுங்கால் உள்ளான் என்று பெயர் கற்றுக்கொள்வதில் இருந்து தொடங்குங்கள். உப்பளத்துக்குள் இறங்கும் முன் அங்கே வேலை செய்பவர்களிடம் கேட்டுவிடுங்கள். பாத்தி வரப்பை மிதித்துக் கெடுத்தால் அவர்களுக்குத்தான் வேலை.

இதற்கு வயது வரம்பே கிடையாது. 2015 முதல் ஒவ்வொரு பொங்கல் நாட்களிலும் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, என்ன பறவை, எத்தனை என்று ஈ-பேர்ட் செயலியில் பதிவிட்டால் போதும். வனத்துறை நடத்தும் கணக்கெடுப்புக்கும் தன்னார்வலர்களைச் சேர்ப்பார்கள். நாலு வருடம் விடாமல் ஒரே ஏரியில் கணக்கெடுத்த மாணவரின் குறிப்பு, ஆராய்ச்சியாளர்களுக்கே உபயோகப்படும் தகவல்.

ஆமைக்கு சீசன் ஜனவரி முதல். ஆலிவ் ரிட்லி ஆமைகள் இரவில் கரையேறி ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இடும். குஞ்சு வெளிவர 45 முதல் 60 நாள் ஆகும். சென்னையில் 1988-ல் இருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இரவு நடைப் பயணம் நடத்துகிறது. 18 வயதுக்குள் இருந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு போங்கள். நம்ம ஊர் கடற்கரையில் முட்டைக் குழியைப் பார்த்தால் தோண்டாமல், டார்ச் அடிக்காமல், வனத்துறைக்குச் சொல்லுங்கள். இந்த ஆமை வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், ஆசையாக ஒரு குஞ்சை வீட்டுக்கு எடுத்துப்போனாலும் வழக்குதான்.