ஒளிப்படத்தில் இழைநய அடுக்குகள்: இருட்டறை முதல் கணினி வரை

ஒரு பொருளின் மேற்பரப்பைத் தனியே படமெடுத்து, அதை இன்னொரு ஒளிப்படத்தின் மீது மெல்லியதாகப் படியவைப்பதே இழைநய அடுக்கு எனப்படுகிறது. காரை பெயர்ந்த சுவர், கசங்கிய தாள், கித்தான் துணி, துருப்பிடித்த தகரம், மரப்பட்டை முதலியவற்றின் படங்கள் இதற்குப் பயன்படுகின்றன. டெக்ஸ்சர் லேயர் என்ற பெயரில் இவ்வசதி இன்று கைப்பேசிச் செயலிகளிலும் கிடைக்கிறது. இது கணினியோடு பிறந்த உத்தி என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால் இதன் வேர்கள் ஒளிப்படக் கலையின் தொடக்கக் காலத்திலேயே உள்ளன. ஒரு படத்தில் எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்ற வழக்கும் அப்போதே தொடங்கிவிட்டது.

தாளின் இழை

1839இல் பிரான்சு நாட்டில் அறிவிக்கப்பட்ட டாகரின் முறையில், வெள்ளி பூசிய செப்புத் தகட்டின் மீது படம் பதிவானது. அது கண்ணாடிபோல் வழவழப்பாகவும் மிகத் துல்லியமாகவும் இருந்தது. இங்கிலாந்தின் டால்பட் 1841இல் காப்புரிமை பெற்ற கலோடைப் முறையோ தாளையே நெகட்டிவாகக் கொண்டது. ஒளி அந்தத் தாளை ஊடுருவிச் சென்றுதான் அடுத்த தாளில் படமாக விழ வேண்டும். அவ்வாறு செல்லும்போது தாளின் நார்களும் படத்தில் சேர்ந்தே பதிந்தன. நுண்ணிய விவரங்கள் மங்கின.

பலர் இதைக் குறையாகக் கண்டனர். எடின்பரோ நகரில் 1843 முதல் ராபர்ட் ஆடம்சனுடன் இணைந்து படமெடுத்த ஓவியர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில் வேறுவிதமாக எண்ணினார். தாளின் சமமற்ற சொரசொரப்பே இப்படங்களுக்கு உயிர் தருகிறது என்ற கருத்தை 1848இல் எழுதிய கடிதம் ஒன்றில் அவர் தெரிவித்தார். இழைநயத்தை ஒரு கலைப்பண்பாக மதித்த தொடக்ககாலக் குரல்களுள் இது ஒன்றாகும்.

இரண்டு நெகட்டிவ், ஒரு படம்

1851இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் முறையால் கண்ணாடி நெகட்டிவ் பரவியது. தாளின் நார் மறைந்து துல்லியம் கூடியது. எனினும் அக்காலத்து இரசாயனப் பூச்சு நீல ஒளிக்கே மிகுதியாக வினைபுரிந்தது. நிலத்துக்குப் போதுமான ஒளி கொடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகப் போய்விடும். இதற்கு விடையாக, பிரெஞ்சு ஒளிப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே 1850களின் பிற்பகுதியில் எடுத்த கடற்படங்கள் சிலவற்றில் கடலுக்கு ஒரு நெகட்டிவையும் வானத்துக்கு இன்னொன்றையும் பயன்படுத்தினார். இரண்டும் தொடுவானக் கோட்டில் இணைந்து ஒரே படமாயின.

1857இல் ஆஸ்கர் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ‘வாழ்வின் இரு வழிகள்’ என்னும் பெரிய படத்தை உருவாக்கினார். மான்செஸ்டர் கலைக் கண்காட்சியில் இடம்பெற்ற இதன் பிரதி ஒன்றை விக்டோரியா அரசியார் வாங்கினார். மறுபுறம், ஆடையற்ற உருவங்கள் இருந்ததால் எதிர்ப்பும் எழுந்தது. அடுத்த ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களைக் கொண்டு, நோயால் இறந்துகொண்டிருக்கும் ஓர் இளம்பெண்ணின் காட்சியை அமைத்தார். ஓவியத்தில் இத்தகைய காட்சியை ஏற்றுக்கொண்ட மக்கள், ஒளிப்படத்தில் அதைக் கண்டு மனம் புண்பட்டனர். ஒளிப்படம் உள்ளதை உள்ளவாறே காட்டும் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம்.

தமிழகத்தில் ட்ரைப்

இவ்வரலாற்றின் ஒரு பகுதி தமிழகத்திலும் நிகழ்ந்தது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், 1857ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய பயணத்தில் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களின் கோயில்களையும் கட்டடங்களையும் படமெடுத்தார். இவர் பெரும்பாலும் பயன்படுத்தியது மெழுகூட்டிய தாள் நெகட்டிவ். வெறுமையாகத் தோன்றும் வானத்தை நிரப்ப, நெகட்டிவின் மீது நிறமி பூசி மேகங்களை உண்டாக்கும் வழக்கம் இவருக்கு இருந்தது. நிறமி பூசிய இடத்தில் ஒளி ஊடுருவாது. எனவே அச்சில் அந்த இடம் வெண்மேகமாகத் தெரியும். ஏறக்குறைய 160 ஆண்டுகளுக்கு முன் கையால் வரையப்பட்ட ஓர் அடுக்கு என்றே இதைச் சொல்லலாம்.

இதே ட்ரைப், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளை வரிசையாகப் படமெடுத்து, 21 அச்சுகளை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள தொடர்படம் ஒன்றையும் உருவாக்கினார். இவ்விரு பணிகளும் மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கவை. வானத்தில் ஒரு மேகம் கூடினால் கோயிலின் வரலாறு மாறிவிடாது. கல்வெட்டில் ஓர் எழுத்து கூடினாலோ குறைந்தாலோ வரலாறே பிழைபடும்.

தூரிகையும் கோந்தும்

1890களில் ஒளிப்படத்தை ஓவியத்துக்கு நிகரான கலையாக நிறுவ முனைந்த இயக்கம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்தது. இவ்வியக்கத்தினர் கோந்து, நிறமி, டைகுரோமேட் உப்பு ஆகியவற்றைக் கலந்து சொரசொரப்பான ஓவியத் தாளில் பூசினர். ஒளி பட்ட இடத்தில் கோந்து இறுகும். மற்ற இடங்களில் நீரில் கரைந்துவிடும். ஈரமாக இருக்கும்போதே தூரிகையால் தேய்த்துப் படத்தை மாற்றலாம். பிரான்சின் ராபர்ட் டெமாஷி, ஆஸ்திரியாவின் ஹைன்ரிஷ் க்யூன் முதலியோர் இதில் தேர்ந்தவர்கள். ஒரே தாளில் பல முறை பூசி, அடுக்கடுக்காகப் படத்தை வளர்ப்பதும் உண்டு.

எட்வர்ட் ஸ்டைக்கன் 1904இல் உருவாக்கிய, நிலவொளியில் ஒரு குளத்தைக் காட்டும் படம் இவ்வாறு அடுக்குகளால் அமைந்தது. கையால் பூசப்பட்டதால் அதன் பிரதிகள் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. 2006இல் அதன் ஒரு பிரதி 29 இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

நெசவுத் திரைகளும் எதிர்ப்பும்

பெரிதாக்கும் கருவியான என்லார்ஜர் பரவிய பின் வேலை எளிதாயிற்று. துணி நெசவு அல்லது மணற்பரப்பின் சாயல் கொண்ட மெல்லிய படச்சுருளை நெகட்டிவுடன் சேர்த்து வைத்து ஒளி பாய்ச்சினால், இரண்டும் கலந்து அச்சில் விழும். டெக்ஸ்சர் ஸ்கிரீன் எனப்பட்ட இத்தகைய திரைகள் கடைகளிலும் விற்கப்பட்டன. அமெரிக்காவின் வில்லியம் மார்ட்டென்சன் இவற்றைப் பயன்படுத்திப் பழைய செதுக்கோவியம்போல் தோன்றும் படங்களை உருவாக்கினார்.

இப்போக்கை எதிர்த்து, ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலியோர் 1932இல் சான் பிரான்சிஸ்கோவில் எஃப்/64 என்னும் குழுவாக இணைந்தனர். கூர்மையான லென்சு, வழவழப்பான தாள், கலப்பற்ற அச்சு என்பன அவர்களின் கொள்கை. நெடுங்காலம் இவர்களின் கருத்தே மேலோங்கியது. ஆயினும் ஜெர்ரி யூல்ஸ்மன் பல என்லார்ஜர்களை வரிசையாக வைத்து, ஒரே தாளில் பல நெகட்டிவ்களை அச்சிட்டுக் கனவுபோன்ற காட்சிகளைப் படைத்தார். 1967இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவர் படங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தது.

கணினியில் அடுக்குகள்

1984இல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் ஆகிய இருவரும் எண்மப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலப்பதற்கான கணித விதிகளை வெளியிட்டனர். தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப் 1990இல் விற்பனைக்கு வந்தது. அதன் தொடக்கப் பதிப்புகளில், மேலே ஒட்டிய படம் அடிப்படத்தோடு கலந்துவிட்டால் மீண்டும் பிரித்தெடுக்க இயலாது. 1994இல் வந்த 3.0 பதிப்பில்தான் அடுக்கு வசதி சேர்க்கப்பட்டது. இருட்டறையில் ஒரு தவறு நேர்ந்தால் தாள் வீண். கணினியில் ஒரு அடுக்கை மறைக்கலாம், மாற்றலாம், நீக்கலாம்; அடிப்படம் அப்படியே இருக்கும். கட்டணமில்லாத கிம்ப் மென்பொருளிலும் இவ்வசதி உண்டு.

கலப்பு முறைகளின் கணக்கு

எண்மப் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் பொதுவாக 0 (கருமை) முதல் 255 (வெண்மை) வரையான எண்ணால் குறிக்கப்படும். அடிப்படத்தின் புள்ளி 200 என்றும், அதன்மேல் வரும் இழைநயப் புள்ளி 128 என்றும் கொள்வோம்.

மல்டிப்ளை முறையில் இரண்டையும் பெருக்கி 255ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 100. படம் இருள்கிறது. இரண்டு ஸ்லைடுகளைச் சேர்த்து வைத்து ஒளிக்கு எதிரே பிடிப்பதற்கு இது ஒப்பாகும்.

ஸ்கிரீன் முறையில், இரு எண்களையும் 255இலிருந்து கழித்துப் பெருக்கி, 255ஆல் வகுத்து, வந்ததை மீண்டும் 255இலிருந்து கழிக்க வேண்டும். விடை ஏறத்தாழ 228. படம் வெளுக்கிறது. இரண்டு நெகட்டிவ்களைச் சேர்த்து வைத்து அச்சிட்டால் கிடைப்பதும் இத்தகைய விளைவே.

ஓவர்லே முறையில் விடை ஏறத்தாழ 200. அதாவது மாற்றமே இல்லை. நடுத்தரச் சாம்பல் நிறம் இம்முறையில் படத்தைப் பாதிப்பதில்லை. அதைவிட வெளிர்ந்த பகுதிகள் படத்தை வெளுக்கச் செய்யும். கருத்த பகுதிகள் இருளச் செய்யும். இழைநயப் படத்தின் வண்ணத்தை நீக்கி, அதைச் சாம்பல் நிறத்துக்கு அருகே கொண்டுவந்து பயன்படுத்துவதன் காரணம் இதுவே.

ஆக்கபூர்வமாகப் பயன்படுத்தல்

இழைநயம் படத்தின் பொருளோடு பொருந்த வேண்டும். பழைய வீட்டின் படத்துக்குக் காரைச்சுவர் பொருந்தும். குழந்தையின் முகத்தில் அதே சுவர் தோல்நோய்போல் தெரியும். முகம், கண் ஆகிய இடங்களில் மாஸ்க் கொண்டு அடுக்கை மறைப்பது நல்லது. அடுக்கின் அடர்வை முதலில் குறைவாக வைத்துப் படிப்படியாகக் கூட்டிப் பார்க்கலாம். சுவரையோ தாளையோ பக்கவாட்டு வெயிலில் படமெடுத்தால் மேடுபள்ளம் தெளிவாகப் பதியும். அவ்வாறு தாமே எடுத்துச் சேர்த்த இழைநயங்கள், எல்லோரும் பயன்படுத்தும் ஆயத்த இழைநயங்களைவிடப் படத்துக்குத் தனித்தன்மை தரும்.

எல்லை எது?

ராபின்சன் காலத்து வழக்கு இன்றும் தீரவில்லை. 2015ஆம் ஆண்டு வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில், இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் ஏறத்தாழ 20 விழுக்காடு, திருத்தம் வரம்பு மீறியது என்ற காரணத்தால் நீக்கப்பட்டன. கலைப்படத்தில் பாராட்டப்படும் செயலே செய்திப்படத்தில் குற்றமாகிறது. பார்ப்பவர் அப்படத்தை எதற்குரிய சான்றாக நம்புகிறார் என்பதைப் பொறுத்தே இவ்வேறுபாடு அமைகிறது.

ஆகவே, இழைநய அடுக்குகளைப் பயன்படுத்தும் மாணவர்கள் மூலக்கோப்பைத் தொடாமல் தனியே சேமித்து வைக்க வேண்டும். ஊரின் பழங்கட்டடம், கல்வெட்டு, விழா ஆகியவற்றின் படங்களில் இது மிக அவசியம். திருத்திய படத்தை வெளியிடும்போது, அது திருத்தப்பட்டது என்பதைப் படக்குறிப்பில் ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். பின்னாளில் அதை ஆவணமாக எடுத்துப் பார்ப்பவருக்கு அந்த ஒரு வரி பேருதவியாக இருக்கும்.