திருச்சி நகைத்தொழிலும் பெயர்க் குழப்பங்களும்

திருச்சிராப்பள்ளி நகைத்தொழிலில் நெடுங்காலமாகப் பெயர் பெற்ற ஊர். மலைக்கோட்டை அடிவாரத்துப் பெரிய கடைவீதியிலும் சின்னக்கடை வீதியிலும் திருமணக் காலங்களில் கூட்டம் நெருக்கியடிக்கும். காவிரிக்கு அக்கரையான ஸ்ரீரங்கத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் பல ஆண்டுச் சேமிப்புடன் வருவோர் அங்கே கேட்கும் சொற்கள் பல: கேடிஎம், 916, ஒரு கிராம் தங்கம், கல்ச்சர் முத்து, அமெரிக்கன் டைமண்ட். இவற்றுள் சில பொருளின் தரத்தைக் குறிப்பவை. சில செய்முறையை மட்டும் குறிப்பவை. சில எதையுமே குறிக்காத விளம்பரப் பெயர்கள். மூன்றையும் ஒன்றாக எண்ணுவதால் நேரும் இழப்பு, பெரும்பாலும் நகையை விற்கவோ அடகு வைக்கவோ போகும் நாளில்தான் தெரியவருகிறது.

ஊர்ப்பெயரும் பிறப்பிடமும்

19-ஆம் நூற்றாண்டில் திருச்சிப் பொற்கொல்லர் செய்த நுண்ணிய கம்பிச் சங்கிலிகளை ஆங்கிலேயர் விரும்பி வாங்கினர். நாளடைவில் 'ட்ரிச்சினாப்பொலி' என்பது அவ்வகைக் கம்பிப் பின்னலுக்கே பெயராயிற்று. ஐரோப்பாவில் கிடைத்த வைக்கிங் காலத்து வெள்ளிச் சங்கிலிகளைக்கூடத் தொல்லியலாளர் அப்பெயரால் குறித்தனர். காவிரியைக் கண்டிராத, ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய சங்கிலிக்குத் திருச்சியின் பெயர்! இதில் ஏமாற்று ஏதுமில்லை. ஆனால் நகைக்கு இடப்படும் ஊர்ப்பெயர் அது பிறந்த இடத்தைக் காட்டும் என்று நம்ப முடியாது என்பதற்கு இது நல்ல சான்று.

ஸ்ரீரங்கத்தைப் பற்றியும் அத்தகைய கதை ஒன்று உண்டு. மாஸ்கோ கிரெம்ளினில் உள்ள ஏறத்தாழ 190 கேரட் எடையுள்ள 'ஓர்லோவ்' வைரம், அரங்கநாதர் திருமேனியிலிருந்து பிரெஞ்சுப் படைவீரன் ஒருவனால் 18-ஆம் நூற்றாண்டில் திருடப்பட்டது என்று மேலைநாட்டு நூல்கள் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. அது முகலாயரிடம் இருந்த பெருவைரமே என்போரும் உளர். கதை எதுவாயினும், கோயிலின் பெயர் கல்லின் மதிப்பைக் கூட்டியது.

திருச்சிக் கல்

பிரெஞ்சு வேதியியலார் வெர்னாய், அலுமினிய ஆக்சைடுத் தூளைத் தீச்சுடரில் உருக்கிக் கெம்புக்கல் ஆக்கும் முறையை 1902-இல் வெளியிட்டார். இவ்வாறு உருவான கற்கள் சுவிட்சர்லாந்திலிருந்து வந்து, திருச்சி வட்டாரத்து வீடுகளில் பட்டை தீட்டப்பட்டன. விவசாயக் கூலியுடன் இத்தொழிலையும் சேர்த்துப் பிழைத்த குடும்பங்கள் பல. பட்டை தீட்டியவர்கள் அவற்றைச் செயற்கைக் கல் என்றே சொல்லி விற்றனர். சீனாவில் இயந்திரத்தால் தீட்டப்பட்ட மலிவான கற்கள் வந்தபின் தொழில் நலிந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். செயற்கைக் கெம்பும் இயற்கைக் கெம்பும் வேதியியல்படி ஒரே பொருள். பிறப்பிடம் மட்டுமே வேறு. 'அமெரிக்கன் டைமண்ட்' அப்படியன்று. அது சிர்கோனியம் ஆக்சைடு; வைரமோ கார்பன். அதை நகைக்கல்லாக வளர்க்கும் முறை 1970-களில் மாஸ்கோவின் லெபதேவ் இயற்பியல் கழகத்தில் உருவானது. அமெரிக்காவும் இல்லை, வைரமும் இல்லை! இக்கல்லையும் 'செயற்கை வைரம்' என்றே வழங்கிவந்தோம். இப்போது ஆய்வகத்தில் உண்மையான கார்பனிலிருந்தே வளர்க்கப்படும் வைரங்கள் கடைக்கு வந்துவிட்டன. அவற்றுக்கும் 'செயற்கை வைரம்' என்றே பெயர். ஒரு பெயரில் இரு பொருள்கள், விலையிலோ பெரும் வேறுபாடு.

முத்து

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் காலத்தில் அளித்த நகைகளைக் கல்வெட்டுகள் பட்டியலிடுகின்றன. முத்துக்களை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி எனத் தரம் பிரித்து, எண்ணிக்கையும் எடையும் விலையும் குறித்துள்ளனர். அரக்கும் சரடும் எடையில் சேர்ந்தனவா என்றும் எழுதியிருக்கிறார்கள். இன்றைய ரசீதுகள் பலவற்றில் அவ்வளவு விவரம் இருப்பதில்லை. ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி விழாவின்போது மூலவருக்கு முத்தங்கி சாத்துவதைக் காண்போருக்கு முத்து என்றால் கடல்முத்துதான் நினைவுக்கு வரும்.

கடைகளில் இருப்பது அதுவன்று. தூத்துக்குடியில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டது. சப்பானில் மிகிமோட்டோ 1893-இல் சிப்பிக்குள் அரைமுத்தை வளர்த்துக் காட்டியபின் வளர்ப்பு முத்து உலகெங்கும் பரவியது. 'கல்ச்சர் முத்து' என்பது அதுவே. அது போலி அன்று. ஆனால் இயற்கை முத்தின் விலைக்கும் உரியதன்று. 'ஐதராபாத் முத்து' என்பதும் அங்கே துளையிட்டுக் கோத்து விற்கப்படுவது. அந்நகருக்குக் கடலே இல்லை. பல்லில் உரசினால் நறநறப்பது உண்மை முத்து என்பார்கள். வளர்ப்பு முத்தும் அப்படித்தான் நறநறக்கும்; இச்சோதனை கண்ணாடி, பிளாஸ்டிக் மணிகளைப் பிரித்தறிய மட்டுமே உதவும்.

தங்கம்

தமிழர் தங்கத்தை 'மாற்று' கொண்டு அளந்தனர்; பத்தரை மாற்று என்றால் கலப்பற்றது. இன்றைய அளவில் 24 கேரட். 22 கேரட் என்பது 24-இல் 22 பங்கு, அதாவது ஆயிரத்துக்கு 916. ஆகவே 22 கேரட்டும் 916-உம் ஒன்றே. கல்லுக்குச் சொல்லும் கேரட் வேறு, அது 0.2 கிராம் எடை.

கேடிஎம் என்பது கேட்மியம். பற்றவைக்கும் பொடியில் செம்பும் வெள்ளியும் கூடினால் இணைப்பில் மாற்றுக் குறையும் என்பதால் கேட்மியம் சேர்த்தனர். அதாவது பற்றாசின் பெயர். நகையின் தரத்துக்கு அது உறுதி ஆகாது. அதன் புகை தொழிலாளியின் நுரையீரலைக் கெடுக்கும். 'கேடிஎம் நகை' என்று பெருமையாக விற்றபோது அந்தப் புகையை யாரும் பேசவில்லை.

'ஒரு கிராம் தங்க நகை' செம்பு அல்லது பித்தளை மேல் தங்கம் பூசியது. 50 சதுர செ.மீ. பரப்பில் ஒரு மைக்ரான் கனத்துக்குப் பூசினால் செலவாகும் தங்கம் 0.1 கிராமுக்கும் குறைவு. கவரிங் என்று சொல்லி விற்றால் குறையில்லை. பெயரில் தங்கத்தின் எடையைச் சேர்ப்பதுதான் குறை.

ஹால்மார்க் முத்திரை 2000-இல் தொடங்கி, 2021 சூன் 16 முதல் 256 மாவட்டங்களில் கட்டாயமாயிற்று. பி.ஐ.எஸ். சின்னம், தூய்மை எண், ஆறு இலக்க அடையாளக் குறி ஆகிய மூன்றும் நகையில் இருக்க வேண்டும், குறியை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் சரிபார்க்கலாம். தவறான விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். எனினும் இம்முத்திரை தங்கத்துக்கு மட்டுமே. அதில் பதித்த கல்லுக்கும் முத்துக்கும் அது பொறுப்பேற்பதில்லை. அவற்றின் எடையும் வகையும் ரசீதில் தனியே எழுதப்பட்டால்தான் பின்னர் கேட்க வழியுண்டு.